ஆளுக்கொரு மோட்டார், தெருவுக்கே திண்டாட்டம்

மே மாதத்து இரவு பத்து மணி. மின்விசிறியின் ரெகுலேட்டர் ஐந்தில் இருக்கிறது; காற்று என்னவோ இரண்டில் வைத்ததுபோல்தான் வருகிறது. ஏ.சி. ஒருமுறை உறுமிவிட்டு 'டக்'கென்று நின்றுபோகிறது. எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து குரல் வருகிறது: "உங்க வீட்லயும் லோ வோல்டேஜாண்ணே?" ஆமாம் என்று பதில் போனதும் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஈபி ஆபீசுக்கு அர்ச்சனையைத் தொடங்குகிறார்கள்.

அர்ச்சனையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த இரவின் சிக்கலில் பெரும்பங்கு கம்பத்துக்கு இந்தப் பக்கம், நம் வீடுகளுக்குள் உருவாகிறது. குழாயில் தண்ணீர் வராததையும், ரயில்வே கேட் திறந்த பிறகும் வண்டிகள் நகராததையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே கணக்கு ஓடுவது தெரியும். பலர் பங்குபோடும் ஒன்று தன் கொள்ளளவின் விளிம்புக்கு வந்துவிட்டால், அவரவர் தன் வீட்டுக்கென்று செய்துகொள்ளும் நல்ல ஏற்பாடே எல்லோருடைய கழுத்தையும் இன்னும் கொஞ்சம் இறுக்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. இயற்பியலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மாநிலத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவு மின்சாரமும் வந்து சேர்ந்தது. ஆகவே கோடை இரவின் லோ வோல்டேஜுக்கு 'மாநிலத்தில் கரண்ட் இல்லை' என்பது எப்போதும் பொருந்தும் காரணம் ஆகாது. பல நேரங்களில் முட்டுக்கட்டை தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலும், அதிலிருந்து வீடுகளுக்கு வரும் கம்பியிலும் இருக்கிறது.

அந்த டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. இது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான அளவு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் 250 வோல்ட். வீட்டுக்கு வர வேண்டியது 230. விதிப்படி ஆறு சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது 216-க்கும் 244-க்கும் நடுவே எங்கிருந்தாலும் சரி. டிரான்ஸ்ஃபார்மரிலேயே 250 வைத்திருப்பது வழியில் கொஞ்சம் இழப்போம் என்று தெரிந்துதான். கம்பிக்கு மின்தடை உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு வோல்ட் வழியிலேயே தொலையும். தெருவின் முதல் வீட்டுக்காரர் இழுப்பது முதல் இரண்டு கம்பங்களுக்கு இடையிலான கம்பியை மட்டும் சுமையாக்கும். கடைசி வீட்டுக்கு வரும் வழியிலோ எல்லா வீட்டுச் சுமையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. காவிரியில் தண்ணீர் குறையும்போது கடைமடை விவசாயிக்கு நேர்வதுதான் தெருக்கோடி வீட்டுக்கும் நேர்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நூறு கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஒரு ஃபேஸில் சுமார் 133 ஆம்பியர் கொடுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது ஏழு, எட்டு ஆம்பியர் எடுக்கும். பதினேழு, பதினெட்டு ஏ.சி.க்களோடு அந்த ஃபேஸ் நிரம்பிவிட்டது; ஃபிரிட்ஜுக்கும் மின்விசிறிக்கும் இடமில்லை. நூறு வீடு இருக்கும் தெருவுக்கு இது எப்படிப் போதும் என்று கேட்டால், பொறியாளர்களிடம் 'டைவர்சிட்டி' என்றொரு பதில் உண்டு. எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அது. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் விஷயத்தில் அந்த நம்பிக்கை பொய்க்காது. ஒரு வீட்டில் சட்னி அரைக்கும் நேரத்தில் இன்னொரு வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஏ.சி. அப்படியல்ல. வெக்கை எல்லா வீட்டுக்கும் ஒரே இரவில் வருகிறது. பத்து மணிக்குப் போட்டது விடியும்வரை ஓடுகிறது. போதாக்குறைக்கு, புதிதாக ஏ.சி. மாட்டும்போது இணைப்பின் லோடைக் கூட்டித் தரச் சொல்லி எழுதிக்கொடுக்காதவர்களும் உண்டு. ஏட்டில் ஒரு தெரு, கம்பியில் வேறொரு தெரு.

வோல்டேஜ் இறங்கிய பிறகு நடப்பது இன்னும் சுவாரசியம். பழைய குண்டு பல்பு, கீசர் போன்றவை விட்டுக்கொடுக்கும் குணம் உள்ளவை. 180 வோல்ட்டில் ஒரு கீசர் தன் சூட்டில் 61 சதவீதத்தைத்தான் தரும். எடுக்கும் மின்னோட்டமும் குறையும். மின்வலை தானாகவே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும். இன்வெர்ட்டர் ஏ.சி., கம்ப்யூட்டர், டிவி போன்றவை விட்டுக்கொடுப்பதில்லை. அவற்றின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று, எந்த வோல்ட் வந்தாலும் தனக்கு வேண்டிய வாட்டை எடுத்தே தீரும். 1,500 வாட் ஏ.சி. 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுத்தது என்றால் 180-ல் 8.3 ஆம்பியர் எடுக்கும். மின்னோட்டம் கூடக் கூட வழியில் தொலையும் வோல்ட் கூடும். வோல்ட் குறையக் குறைய மின்னோட்டம் மேலும் கூடும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அந்த ஏ.சி. கம்பியில் உண்டாக்கும் சூடு அறுபது சதவீதத்துக்கும் மேல் ஏறிவிடுகிறது.

ஸ்டெபிலைசரும் இதே கட்சிதான். அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. கம்பியிலிருந்து அதிக ஆம்பியரை இழுத்து, 180-ஐ 230 ஆக்கித் தருகிறது. நம் ஏ.சி. நிம்மதியாக ஓடுகிறது, அதற்கான விலையை, அதே கம்பியில் ஸ்டெபிலைசர் இல்லாமல் இருக்கும் வீடு கொடுக்கிறது. அடுத்த சம்பளத்தில் அவரும் ஒன்று வாங்குவார்.

ஃபேஸ் மாற்றும் இரவு

பத்தரை மணிக்கு டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் உருகுகிறது. அந்த ஃபேஸில் மட்டும் இணைப்புள்ள சிங்கிள் ஃபேஸ் வீடுகள் இருளில். த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரருக்கு வேறு வழி இருக்கிறது. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மீட்டர் பலகைக்குப் போகிறார். அங்கே ஆர், ஒய், பி என்று குறித்த திருகு சுவிட்ச். 'கடக்'கென்று அடுத்த ஃபேஸுக்குத் திருப்பியதும் உள்ளேயிருந்து பிள்ளைகளின் ஆரவாரம். பக்கத்துத் த்ரீ ஃபேஸ் வீடுகளிலும் அதே 'கடக்'. இரண்டு நிமிடத்தில், ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்த இரண்டு ஃபேஸ்களின் தலையில் மூன்றாவதன் சுமையும் ஏறிவிட்டது. பத்து நிமிடம் தாங்கிய இரண்டாவது ஃபியூஸும் போகிறது. எல்லோரும் மிச்சமிருக்கும் ஒன்றுக்குத் திருப்புகிறார்கள். பிறகு தெருவே இருட்டு.

லைன்மேன் வந்து ஃபியூஸ் கட்டிவிட்டுக் கீழிருந்து சத்தம் போடுகிறார்: "எல்லாரும் ஏ.சி.ய ஆஃப் பண்ணி வைங்கம்மா, அப்புறம் மெதுவா போட்டுக்கங்க!" பாதிப் பேர் கேட்பதில்லை. விசையை உள்ளே தள்ளிய மாத்திரத்தில் ஃபியூஸ் மறுபடி போகிறது. "சரியா கட்டத் தெரியல" என்று கூட்டத்தில் ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார்.

லைன்மேன் சொன்னதில் அசல் அறிவியல் இருக்கிறது. சாதாரணமாக ஒரு தெருவின் ஃபிரிட்ஜுகளும் ஏ.சி.க்களும் ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். அரை மணி நேரம் கரண்ட் போனால் எல்லா அறைகளும் சூடேறிவிடும். கரண்ட் வரும்போது எதற்கும் ஓய்வெடுக்கக் காரணம் இருக்காது. பழைய வகை கம்ப்ரசர் மோட்டாரோ, கிளம்பும் கணத்தில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆகவே மின்தடைக்கு முந்தைய சுமையைவிட, மின்சாரம் திரும்பும் கணத்தின் சுமை மிகப் பெரியது. வீட்டுக்கு வீடு ஐந்து, பத்து நிமிடம் தள்ளித் தள்ளிப் போட்டால் அதே ஃபியூஸ் நிற்கும்.

நாட்டளவில் இதே கதை நடந்திருக்கிறது. 2012 ஜூலை 30 அதிகாலையில், மத்தியப் பிரதேசத்தின் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையிலான 400 கிலோவோல்ட் பாதை சுமை தாளாமல் துண்டித்துக்கொண்டது. அதன் சுமை மற்ற பாதைகளில் ஏற, அவையும் வரிசையாக விலகிக்கொள்ள, வட இந்தியா இருளில் மூழ்கியது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்து அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். தமிழ்நாடு தப்பியதற்குக் காரணம் எளிது: ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியே தென்னக வலை மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைந்தது 2013-இன் கடைசி நாளில்தான்.

குழாய் உறிஞ்சும் காற்று

நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் அளவுகோல். அந்தத் தண்ணீரை 24 மணி நேரத்துக்குச் சீராகப் பரப்பி அனுப்பினால் குழாயில் ஓட்டம் மெல்லியதாக இருக்கும். அதே தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் அனுப்ப வேண்டுமானால் ஓட்டம் 12 மடங்காக வேண்டும். குழாய்ச் சுவரில் உரசி இழக்கும் அழுத்தமோ ஓட்டத்தோடு ஏறக்குறைய இருமடியாக வளரும்: ஓட்டம் இரண்டு பங்கானால் இழப்பு நான்கு பங்கு. 12 மடங்கு ஓட்டத்துக்கு இழப்பு நூறு மடங்கை நெருங்கிவிடும். மேட்டுத்தெருவுக்கும் குழாயின் கோடிக்கும் தண்ணீர் ஏறாததற்கு முதல் காரணம் இந்தக் கணக்கு. தண்ணீர் இல்லை என்பதைவிட, எல்லோரும் ஒரே நேரத்தில் சம்ப்பை நிரப்பியாக வேண்டும் என்பதே அழுத்தத்தைத் தின்கிறது.

அப்போதுதான் ஒருவர், குழாய் இணைப்பிலேயே நேராக மோட்டார் வைக்கிறார். சட்டப்படி கூடாது, அவருக்கும் தெரியும். "எல்லாரும் வச்சிருக்காங்க, நாம வைக்கலன்னா சொட்டுக்கூட வராதுங்க" என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட. மோட்டார் ஓடும்போது அருகில் மோட்டார் இல்லாத வீட்டில் குழாயைத் திறந்துபாருங்கள். தண்ணீருக்குப் பதிலாக 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்தால் தோலைப் பிடித்து இழுக்கும். குழாயினுள் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போய்விட்டதற்கு அதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம்.

உள்ளங்கையை இழுக்கிற அதே உறிஞ்சல், மண்ணுக்கடியில் குழாயின் ஒவ்வொரு தளர்ந்த இணைப்பிலும் வேலை செய்கிறது. அழுத்தம் இருந்தபோது வெளியே கசிந்த ஓட்டை, இப்போது வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும் வாய். பக்கத்திலேயே சாக்கடைக் குழாயும் கசிந்துகொண்டிருந்தால் என்ன உள்ளே வரும் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் விடாத நேரங்களிலும் குழாய் காலியாகக் கிடப்பதால் இந்த ஆபத்து உண்டு. தண்ணீர் வந்ததும் முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றிவிடும் வழக்கம் நம் வீடுகளில் சும்மா வரவில்லை. ஒடிசாவின் புரி நகரம் 2021-இல் நாள் முழுதும் குழாயிலேயே குடிக்கத்தக்க நீர் என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. குழாய் எப்போதும் நிறைந்து அழுத்தத்தோடு இருந்தால் அழுக்கு உள்ளே வர வழியில்லை. தண்ணீர் எப்போதும் வரும் என்ற நம்பிக்கை வந்தால், முந்திக்கொண்டு நிரப்பும் அவசரமும் அடங்கும்.

கேட் திறந்தும் நகராத வண்டிகள்

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. இடதுபக்கம் லாரி, பேருந்து, கார் என்று வரிசை. பின்னால் வந்த பைக்காரருக்கு வலதுபக்கம் காலியாகத் தெரிகிறது. எதிரிலிருந்துதான் இப்போதைக்கு எதுவும் வரப்போவதில்லையே! முன்னே போய் கேட்டை ஒட்டி நிற்கிறார். அவரைப் பார்த்து ஆட்டோ, ஆட்டோவைப் பார்த்து ஒரு கார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதேதான் நடந்திருக்கிறது. ரயில் கடந்து கேட் உயர்கிறது; சாலையின் முழு அகலத்துக்கும் இரண்டு படைகள் முகத்துக்கு முகம். கால் மணி நேரம் ஹாரன் மட்டும் ஓடுகிறது. வலதுபக்கம் போன முதல் பைக்காரர் அரை நிமிடம் மிச்சம் பிடித்திருப்பார். அவரும் சேர்ந்தேதான் இப்போது நிற்கிறார்.

குறுக்கே புகுவோர் இல்லாத சாலையிலும் நெரிசல் பிறக்கும் என்பதை ஜப்பானில் யூக்கி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட சோதனையில் காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்படி ஓட்டுநர்களிடம் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, மாடு இல்லை. முதலில் ஒழுங்காகத்தான் சுற்றினார்கள். யாரோ ஒருவர் சற்றே வேகம் குறைத்தார். பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றேவிட்டார். அந்த நிறுத்தம் ஓர் அலையாக, கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்கு இருபது கிலோமீட்டர் அளவில் பின்னோக்கி நகர்ந்தது. நெடுஞ்சாலையில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் விடுபடுகிறோமே, அது இந்த அலைதான்.

முன்வண்டிக்கும் நமக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதன் சிறு தடுமாற்றத்தைப் பிரேக் போடாமலே உள்வாங்கிக்கொள்ளலாம். அலை நம்மோடு அடங்கிவிடும். ஆனால் நம் ஊரில் இடைவெளி விட்டால் அதில் ஓர் ஆட்டோ மூக்கை நுழைத்துவிடும். ஆகவே ஒட்டி ஓட்டுகிறோம். தனியாளுக்கு அது சரி, சாலைக்கு அது வினை. குழாய் மோட்டாருக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

விளிம்பில் நிற்பதன் விலை

இந்த எல்லா இடங்களிலும் நெருக்கடி படிப்படியாக வருவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு சரிகிறது. அதன் கணிதத்தை முதலில் எழுதியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங். அவருடைய முதல் கட்டுரை 1909-இல் வந்தது. அவர் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாட்டின் எளிய வடிவத்தை ஒரு லைன்மேனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். புகார்கள் முன்பின்னாக வருகின்றன. ஒவ்வொன்றையும் சரிசெய்யப் பிடிக்கும் நேரமும் மாறுகிறது. அவருடைய நேரத்தில் பாதி வேலையில் கழிந்தால், ஒரு புகார் காத்திருக்க வேண்டியது சராசரியாக ஒரு வேலைக்கான நேரம். 80 சதவீதம் கழிந்தால் நான்கு வேலைக்கான நேரம். 90 என்றால் ஒன்பது. 95 என்றால் 19. தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு வேலை ஐந்து புள்ளிதான் கூடியது, காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. ஒரு காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவது, பட்டியலில் பார்க்கச் சிறிய சேமிப்பு. தெருவில் அது மணிக்கணக்கான இருட்டு.

காற்றும் மழையும் அடித்த இரவில் நூறு சதவீதத்தையும் தாண்டிவிடும். ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்கு முப்பது வீடுகளிலிருந்து முப்பது அழைப்பு. 'எங்கேஜ்டு' என்று வருவதால் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப அடிக்க, வேறு தெருவில் கம்பி அறுந்து கிடப்பதைச் சொல்ல வந்தவருக்கு லைன் கிடைப்பதில்லை.

மடை திறப்பது யார்?

பொதுவான மேய்ச்சல் நிலத்தை எல்லோரும் மேய்த்தே அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. அப்படி ஒரு விதி இல்லை என்று எலினார் ஆஸ்ட்ரம், 1990-இல் வெளியான தன் புத்தகத்தில் பல நாட்டு உதாரணங்களோடு காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். பங்குபோடுவோர் தங்களுக்குள் விதி வகுத்து, அளந்து, கண்காணித்து, மீறினால் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகத் தண்டிக்கும் ஏற்பாடு இருந்தால் பொதுச்சொத்து நிலைக்கும் என்பது அவர் கண்டது.

தமிழ்நாட்டு ஏரிப் பாசன ஊர்களுக்கு இது புதிதல்ல. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்று ஒருவரை ஊரே நியமித்தது. அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. தண்ணீர் குறைந்தால் முறைவைத்துப் பாயும். தன் வயலுக்குத் தானே மடை வெட்டிக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை. பற்றாக்குறையை அவரால் நீக்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வதை நிறுத்த முடிந்தது, அதுவே பயிரைக் காத்தது.

தெருவுக்கும் அதைச் செய்யலாம். கரண்ட் வந்தவுடன் ஏ.சி. போடாமல் பத்து நிமிடம் தள்ளிப்போடலாம். ஃபேஸ் போனால் திருகு சுவிட்சைத் திருப்புமுன், ஏ.சி.யையும் கீசரையும் அணைத்துவிட்டு விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் திருப்பலாம். புது ஏ.சி.க்குக் கூடுதல் லோடு எழுதிக்கொடுக்கலாம். அந்தத் தாள்தான் அடுத்த டிரான்ஸ்ஃபார்மருக்கான சாட்சி. பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்று தெருவுக்குப் போதும். மதியம், இரவு பத்து, விடியற்காலை என்று மூன்று வேளை எண்ணைக் குறித்தால் நோய் எது என்றே தெரிந்துவிடும். இரவில் மட்டும் இறங்கினால் சுமை அதிகம். மூன்று வேளையும் ஒரு வீட்டில் மட்டும் இறங்கியிருந்தால் அந்த வீட்டு இணைப்பில் கோளாறு. ஒரு ஃபேஸில் மட்டும் இறக்கம் என்றால் சில வீடுகளை வேறு ஃபேஸுக்கு மாற்றினாலே தீரும். விளக்கு திடீரென்று வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும். மெயினை அணைத்துவிட்டு உடனே சொல்ல வேண்டிய ஆபத்து அது.

இதையெல்லாம் மக்கள் செய்துவிட்டால் வாரியமும் மாநகராட்சியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்று பொருளில்லை. கம்பியின் தடிமன், குழாயின் விட்டம், காலிப் பணியிடம், மேம்பாலம் எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. கொள்ளளவைக் கூட்டுவது அவர்கள் கடமை. அது கூடும்வரை இருப்பதை முறைவைப்பது நம் பொறுப்பு. அந்தக் கடமையை நினைவூட்டவும் சேர்ந்து போவதே வழி. முப்பது வீடுகள் தனித்தனியாகப் போனால் அது முப்பது புகார். ஒருவர் வந்து ஃபியூஸ் கட்டிவிட்டு முப்பதையும் முடித்துவைப்பார். ஒரு மாத வோல்டேஜ் கணக்கோடு முப்பது பேரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுப் போனால், உதவிப் பொறியாளர் மேசையில் அதை டிரான்ஸ்ஃபார்மருக்கான கோரிக்கையாகத்தான் படிக்க முடியும்.